புரோட்டீனும் பரிவட்டமும்

"அன்புள்ள மகனுக்கு" என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. எரிச்சல் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை நேற்று வாட்ஸப்பில் அனுப்பி, "ஓகேவாம்மா? இன்னிக்கே பிரிண்டுக்குப் போவணும்" என்று கேட்டிருந்தாய். ஓகே இல்லை. அதைச் சொல்லப் போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிட்டாய். உன் சிறுசேரி ஆபீசில் இத்தனை பேரும் எந்நேரமும் மீட்டிங்கிலேயே இருந்தால் வேலையை யார்தான் செய்கிறார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பேச்சு என்றால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய். போன முறை அப்படிப் போனதால் வந்த வினையைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பத்திரிகையில் அழைப்பவர் இடத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அப்பா இல்லாத பையனுக்குக் கல்யாணம் என்றால், அப்பாவின் அண்ணன் பெயரில் பத்திரிகை அடித்து, அவரும் பெரியம்மாவும் மணையில் உட்கார்ந்து நடத்திவைப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். பெற்றவள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டும்; புருஷன் இல்லாத குற்றத்துக்கு. இந்த வழக்கத்தின் மேல் எனக்குக் கடுகளவு மரியாதையும் கிடையாது. நீ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு என் பெயரை முதலில் போட்டிருப்பதைப் பார்த்ததும் இன்னொரு தடவை படித்தேன். லேபில் என் பக்கத்தில் வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினேன். "மேடம், சூப்பர் பையன் மேடம் உங்களுக்கு" என்றாள். அந்தச் சூப்பர் பையனின் பத்திரிகையைப் பிறகுதான் கீழே தள்ளிப் பார்த்தேன். பெரியப்பா பெயரை எங்கேயும் காணோம். நல்வரவை விரும்புகிறவர்கள் வரிசையில் உன் ஜிம் நண்பர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அப்பாவோடு கூடப் பிறந்த ஒரே மனிதர் இல்லை. இப்போது கேட்கிறேன், பதில் சொல்: என் பெயரை எனக்கு மரியாதை செய்யப் போட்டாயா, அவர் பெயரை எடுப்பதற்காகப் போட்டாயா?

நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நீ சொல்லும் கதையில் உன் கை எப்போதும் காணாமல் போய்விடுகிறது. அதனால் ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன். மதுராந்தகம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் ஊர் அம்மன் கோயிலில், ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது, பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வது நம் வீட்டு ஆண்களுக்கு. ஒரு வருஷம் பெரியப்பா, மறு வருஷம் அப்பா என்று முறை வைத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் முறை வந்த வருஷம், சித்திரையிலேயே அப்பா போய்விட்டார். நாம் கோயில் பக்கம் போக முடியாத வருஷம் என்பதால் பெரியப்பா நின்று வாங்கினார். அடுத்தது போன ஆடி. வழக்கப்படி அது அவருடைய முறை. நீ போய், அப்பாவுக்குப் போன வருஷம் கிடைக்காமல் போனதை இந்த வருஷம் எனக்குக் கொடுக்க வேண்டும் என்று நின்றாய்.

"அது அப்பாவோட ஸ்லாட்டு, பெரியப்பா. மிஸ் ஆனா கேரி ஓவர் ஆவணும் இல்ல?" என்றாய்.

"இன்னாடா ஸ்லாட்டு? கோயிலு இன்னா கார் பார்க்கிங்கா?" என்றார் அவர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அவரும் விடவில்லை. "செங்கல்பட்டுல பொறந்து வளந்த பையனுக்கு இங்க இன்னா மொற கீது?" என்று சேர்த்துச் சொன்னார். அது தப்பான பேச்சு; அப்பா போன பிறகு உன்னிடம் சொல்லியிருக்கவே கூடாது. உன் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அடுத்து உன் கை அவர் தலைக்குப் போனதையும் பார்த்தேன். அவர் தலையில் அப்போதுதான் கட்டிய பரிவட்டத்தை நீ உருவினாய், அவர் பிடித்து இழுத்தார், துணி பறந்துபோய்க் கூழ் அண்டாவில் விழுந்தது. பெரியம்மாதான் கரண்டியால் அதை எடுத்தாள், கூழ் சொட்டச் சொட்ட. அன்றைக்குக் கூழ் வாங்காமல் சொம்பைக் கவிழ்த்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒரே ஒரு வருஷம் பொறுத்திருந்தால் அடுத்த ஆடியில் அந்தத் துணி தானாக உன் தலைக்கு வந்திருக்கும், மடையா!

அதற்கு அடுத்த ஞாயிறு நீ செங்கல்பட்டு வீட்டில், சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, அந்தப் பெரிய கறுப்பு டப்பாவிலிருந்து புரோட்டீன் பவுடரைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாய். ஒரு வாரமாக நம் இருவருக்கும் பேச்சு சரியில்லை. எப்படியாவது பேச்சைத் தொடங்க வேண்டுமே என்று, "டேய், புரோட்டீன்னா இன்னா அர்த்தம்னு தெரியுமா?" என்று கேட்டேன். பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டு இத்தனை காலமாக லேபில் ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்கிறவளுக்கு வேறு என்ன பேச்சு வரும். கிரேக்க மொழியில் முதல் இடத்தில் நிற்பது என்று பொருள்படும் சொல்லிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள் என்று சொன்னேன். அதற்குள் உனக்குப் போதுமானது கிடைத்துவிட்டது. "பாத்தியாம்மா, சயின்ஸே சொல்லுது. ஃபர்ஸ்ட்டுன்னா ஃபர்ஸ்ட்டுதான். உட்டுக்குடுத்தா அவ்ளோதான்" என்று மூடியைத் திருகிக்கொண்டு கிளம்பிவிட்டாய். மீதிக் கதை என் வாயிலேயே நின்றுவிட்டது. அன்று முதல் யாரிடம் பேசினாலும், என் அம்மாவே சொன்னாங்க என்று நீ இதைச் சொல்லிக்கொண்டு திரிவதாக நிவேதா சொன்னாள். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் அதே பெருமைதானா! பாதியைக் கேட்டவன் பாதியைத்தான் பரப்புவான். இந்தா, மீதி.

ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால், ஹாலந்து நாட்டில் ஒரு வேதியியல்காரர் முட்டை வெள்ளையையும் ரத்தத்தையும் பாலில் திரிவதையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கலவை வந்தது. அப்படியானால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது என்று முடிவுகட்டினார். ஸ்வீடனில் இருந்த ஒரு பெரிய மனிதர், அந்தப் பொருளுக்கு இந்தப் பெயரை வைக்கலாமே என்று அவருக்குக் கடிதம் எழுதினார். ஆமாம், அந்தப் பெயரும் ஒரு கடிதத்தில்தான் வந்தது. அந்த ஹாலந்துக்காரர் கடைசி வரி வரைக்கும் படித்திருப்பார் என்று நம்புகிறேன். உயிர்களின் சாப்பாட்டில் இதுதான் முதன்மையானது. செடிகொடிகள் இதை உண்டாக்குகின்றன, புல் தின்னும் பிராணிகள் அவற்றிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன, அந்தப் பிராணிகளைத் தின்பவை அவற்றிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. ஆகவே இதற்கு முதலிடத்துப் பெயர். இவ்வளவும் பெயர் வைத்தபோது சொன்ன காரணம். அதாவது பரிவட்டம் கட்டிய அன்றே, இது கைக்குக் கை மாறி வருகிற பொருள் என்று சொல்லித்தான் கட்டியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீ கேட்காமல் போனது. மற்றவர்கள் சோதித்துப் பார்த்தார்கள், கணக்கு உதைத்தது. ஜெர்மனியில் ஒருவர், முதலில் இதைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடியவர், பிறகு அவரே திரும்பிக்கொண்டு அச்சில் ஏசினார். ஹாலந்துக்காரரும் சும்மா இருக்கவில்லை. நீயும் பெரியப்பாவும் தோற்றீர்கள், அப்படி ஒரு சண்டை. கடைசியில் பார்த்தால், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதாகச் சொன்ன அந்த ஒற்றைப் பொருளே கிடையாது. இருப்பது ஆயிரக்கணக்கான வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. எந்தத் தலைக்குத் துணி கட்டினார்களோ அந்தத் தலையே இல்லை. துணி மட்டும் தங்கிவிட்டது. நீ டப்பாவில் வாங்கிக் குலுக்கிக் குடிப்பது அந்தத் துணியைத்தான். இன்னொன்றும் உண்டு. பட்டினி கிடந்தால் உடம்பு சர்க்கரையை முதலில் எரிக்கும், பிறகு கொழுப்பை. முதலிடத்துப் பெயர்க்காரன்மேல் பெரிதாகக் கைவைப்பது கடைசியில். அதுவரை அது ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமந்துகொண்டும், காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைத்துக்கொண்டும் இருக்கும். தன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியாது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று எனக்கும் தெரியும். அதை வைத்து நடத்தத் தொடங்கியவன் நீ.

அப்பா பரிவட்டத்தோடு நிற்கும் போட்டோவைத்தான் உன் வாட்ஸப் முகப்பில் வைத்திருக்கிறாய். மாலையும் துணியுமாக, மீசையை முறுக்கிவிட்ட மாதிரி. அந்தப் போட்டோவை எடுத்தவள் நான். எடுத்து முடித்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? "அரிக்குதுடி" என்று துணியை அவிழ்த்து என் கூடையில் திணித்துவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு அண்டாவுக்குப் போய்விட்டார். அவ்வளவு கேழ்வரகு மாவைக் கட்டி தட்டாமல் துழாவ அந்த ஊரில் அவருக்கும் பெரியப்பாவுக்கும்தான் வரும். தாலுகா ஆபீசில் பேனா பிடித்த அப்பாவின் கை, அன்றைக்கு முழுக்கத் துடுப்பு பிடிக்கும். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். "உன் பக்கம் அடி புடிக்குது பாரு" என்று அப்பா கத்துவார். "எங்கியும் புடிக்கல, வாய மூடிகினு துழாவு" என்று பெரியப்பா கத்துவார். ஊர் முழுக்கக் குடித்துவிட்டுப் போன பிறகு, இருவரும் அண்டாவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கருவாட்டுக் குழம்போடு சாப்பிடுவார்கள். அதை நான் போட்டோ எடுக்கவில்லை. அன்றைக்கு அது போட்டோவுக்கான விஷயமாகத் தோன்றவில்லை. இப்போது உனக்கு அப்பா என்றால் அந்தத் துணிதான் என்று ஆகிவிட்டது. உன்மேல் இருக்கும் கோபத்தில் பாதி, அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு நீ அப்பாவைச் சுருக்கிவிட்டாயே என்பதுதான்.

இனிமேல் எழுதப் போவதைச் சொல்ல எனக்கு அனுமதி இருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது. நிபந்தனையையும் சேர்த்தே எழுதுகிறேன். புரட்டாசியிலிருந்து பெரியப்பா மாதம் ஒரு முறை மதுராந்தகத்திலிருந்து பஸ் ஏறிச் செங்கல்பட்டில் என் லேபுக்கு வருகிறார். பல வருஷத்துச் சர்க்கரை இப்போது சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. ரத்தத்தில் நிற்க வேண்டிய புரோட்டீன் நிற்காமல் சிறுநீரில் வெளியேறுகிறது. கால் வீங்கி, பழைய செருப்பு நுழையாமல், ரப்பர் செருப்பின் வாரை அறுத்துவிட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார். முதல் தடவை என்னைக் கவுன்டரில் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். "வாங்க மாமா, உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். போன மாதம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா, ஒவ்வொரு வாட்டியும் இந்த ஒரே பேரு கீது? டாக்டரும் இதயே சொல்லிகினு கீறாரு. புரோட்டீனுன்னா இன்னா?"

சத்து என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "முதல் எடத்துல நிக்கறதுன்னு அர்த்தம் மாமா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அப்போ அம்மன் சரியாத்தான் கணக்கு பண்ணிகீறா. நான் கெட்டியா புடிச்சிகினு இருந்த முதல் மரியாத, ஒண்ணுக்குல போய்கினு கீது!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. நீ டப்பா டப்பாவாக வாங்கி உள்ளே ஊற்றுகிறாய். அவர் உடம்பில் அது தங்க மாட்டேன் என்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். "கல்யாணம் தையிலன்னு ஊருல பேசிகினு கீறாங்கோ. எனக்குத் தெரியாது, நான் யாரையும் கேக்கல. பேரு போட வேணாம். மணையில குந்த வேணாம். வாங்க பெரியப்பான்னு ஒரு வார்த்த சொன்னான்னா, ஒரு ஓரமா குந்தி சாப்ட்டு வந்துடுவேன். அவன் கொழந்தையில என் தோள்மேல குந்திகினுதான் திருநா பாத்தான். டவுனு பையன்னு நான் சொன்னது தப்புதான். ஆனா மொதல்ல கை நீட்டுனது அவன்தான், அத்தயும் சொல்லிடு." தப்பிலும் யார் முதல் என்று பார்க்கும் வம்சம்! நான் தலையில் அடித்துக்கொள்வதா, அழுவதா? படியிறங்கிய பிறகு திரும்பி வந்து, "வியாதின்னு சொல்றதுன்னா சொல்லு. ஆனா பாவம் பாத்து கூப்ட வேணாம்னு சொல்லிடு" என்றார். அதுதான் அந்த நிபந்தனை. சொல்லிவிட்டேன்.

முட்டுக்காட்டில் படகில் நின்று நிவேதாவோடு போட்டோ எடுத்துக்கொள்ள உனக்கு முழு நாள் லீவு கிடைத்தது. மாமல்லபுரத்தில் மண்டபம் பார்க்க, மேடை அலங்காரம் பார்க்க, பந்தியில் உனக்குத் தனியாக முட்டை வெள்ளை உண்டா என்று கேட்க எல்லாவற்றுக்கும் நேரம் கிடைத்தது. மதுராந்தகத்துக்குப் போய்வர அரை நாள் கிடைக்கவில்லை. நேற்று அந்தப் பெண்தான் எனக்குப் போன் செய்தாள். "அத்தை, பத்திரிகையில பெரிய மாமா பேரு காணோமேன்னு எங்கப்பா கேக்கறாரு. நான் இன்னா சொல்லட்டும்?" என்றாள். என் பையன் இன்னும் வளரவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லச் சொல்லலாமா? முப்பது வயதை நெருங்குகிறவனுக்கு அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நெட்வொர்க் சரியில்லை என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். உன்னிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா தன் பெயரை எடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய். என் பெயரை எடுக்காதே. அது முதலில்தான் இருக்க வேண்டும். உன்னைப் பெற்று, அப்பா போன பிறகும் நிமிர்ந்து நின்று இதுவரை கொண்டுவந்தவள் நான். மணையிலும் நான்தான் உட்காரப் போகிறேன். எவன் என்ன சொல்கிறான் பார்க்கிறேன். எனக்கு அந்த இடம் வேண்டும், ஆசையாகவே இருக்கிறது. நானும் அந்த வம்சத்துக்கு வாழ்க்கைப்பட்டவள்தானே. ஆனால் ஒருவரைத் தள்ளிவிட்டுக் கிடைக்கிற முதலிடம் எனக்கு வேண்டாம். என் பெயருக்குக் கீழே அவர் பெயரைப் போடு. கீழே போட்டதற்கு அவர் நிச்சயம் முறுக்கிக்கொள்வார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிரிண்டுக்குப் போகவேண்டாம் என்று கடைக்காரருக்கு நானே போன் செய்து நிறுத்திவைத்திருக்கிறேன். கத்தாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மதுராந்தகம் போகிறேன். தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். புருஷன் இல்லாதவள் இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பார்கள். தூக்கிக்கொண்டுதான் போவேன். ஆனால் அதை அவர் கையில் கொடுத்து, "வாங்க பெரியப்பா" என்று சொல்ல வேண்டிய வாய் என்னுடையது இல்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், ஏழு மணி வண்டியில், டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து சீட்டில் தாம்பாளப் பையை வைத்திருப்பேன். கூட்டம் ஏறும், நிற்கிறவர்கள் முறைப்பார்கள், கண்டக்டர் பையை எடுக்கச் சொல்லுவார். மதுராந்தகம் வந்து சேரும்வரை யார் கேட்டாலும், "ஆள் வருது" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அம்மா